தின்ற எழுத்துக்கு ஒரு விளக்கக் கடிதம்

1

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு மெமோ வந்தது. முப்பத்தொரு வருஷம் ஆசிரியை வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பதினான்கு வருஷம் சங்கரன்கோவிலில் ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. எத்தனையோ பேருக்கு மெமோ கொடுத்திருக்கிறேன், ஒன்றுகூட வாங்கியதில்லை. ஓய்வு பெற்று, கடல் கடந்து, இங்கிலாந்தில் தம்பி வீட்டில் வந்து உட்கார்ந்த பிறகுதான் வாங்க வேண்டும் என்று இருந்திருக்கிறது.

முதலில் அதன் அமைப்பைப் பார்த்தேன். பழக்கதோஷம். தேதி இருந்தது. எண் இருந்தது. 'பொருள்' என்று போட்டு அடியில் கோடு இழுத்திருந்தது. இன்ன நாளில் இன்ன நேரத்தில் இன்னது நடந்தது. அது இந்த ஊர் மக்கள் மன்றத்தின் இன்ன விதிக்கு முரண். ஏழு நாளுக்குள் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். தவறினால் வகுப்பு அறையின் அனுமதி ரத்து. கீழே கையெழுத்து, அதற்கும் கீழே தெளிவாகப் பெயர். குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்படி ஒரு மெமோ எழுத எங்கள் வட்டாரத்தில் மொத்தம் மூன்று பேரால்தான் முடியும். அதில் ஒருத்தி நான்.

விஷயம் இதுதான். சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் தமிழ் வகுப்பில், ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று எழுத்தைத் தின்றுவிட்டது.

களிமண் எழுத்து. அதனால்தான் மெமோ.

2

நான் இருக்கும் ஊரின் பெயரை எழுதி உங்களைச் சிரமப்படுத்தப் போவதில்லை. அதில் உள்ள எழுத்துகளில் பாதியை இந்த ஊர்க்காரர்களே உச்சரிப்பதில்லை. தம்பி இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும், "தனியா அங்கன கெடந்து என்ன செய்யப் போறீங்க, வந்திருங்கக்கா" என்று டிக்கெட் அனுப்பினான். வந்துவிட்டேன். அவன் மகள் மீனாவுக்குப் பதினைந்து வயது. நான் தமிழில் கேட்பேன். அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் புரியும். யாரும் தோற்பதில்லை, யாரும் ஜெயிப்பதும் இல்லை.

கடந்த நாலைந்து வருஷத்தில் இந்த ஊருக்கு யாழ்ப்பாணத்துக்காரர்கள் பலர் வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஏன் வந்தார்கள் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. அவர்களில் ஒருத்தி யோகம். அங்கே வங்கியில் வேலை பார்த்தவள், இங்கே தொழிற்சாலையில் பிஸ்கட் அடுக்குகிறாள். ஒருநாள் கதவைத் தட்டினாள்.

"அக்கா, நீங்கள் ரீச்சர் எண்டு சொல்லிச்சினம். என்ர மகள் தமிழைக் கண்டால் ஓடுறாள். பிடிச்சு ஒரு வகுப்பு நடத்துங்கோவன்."

வகுப்பு நடத்த இடம் வேண்டும். குடியிருப்பின் நடுவில் ஒரு மக்கள் மன்றம் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் இருபத்து மூன்று கேள்விகள். நிரப்பிக்கொண்டே வந்தபோது, ஒன்பதாம் கேள்விக்கும் பதினான்காம் கேள்விக்கும் முரண்பாடு இருப்பதைக் கண்டு, தனித்தாளில் ஒரு குறிப்பு எழுதி இணைத்தேன். மூன்றாம் நாள் மன்றச் செயலாளர் ஹார்ப்பர் என்பவர் நேரில் வந்துவிட்டார். ரயில்வேயில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். "பதினோரு வருஷமாக இந்தப் படிவம் இருக்கிறது அம்மா, நீங்கள் ஒருவர்தான் அதைப் படித்திருக்கிறீர்கள்" என்றார். கண் கலங்கியிருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை அறை கிடைத்தது.

முதலில் எனக்குத் தெரிந்த முறையில் தொடங்கினேன். கரும்பலகையில் 'அ' எழுதுவேன். பிள்ளைகள் நோட்டில் இரண்டு பக்கம் நிறைய எழுத வேண்டும். பதினொரு பிள்ளைகள் இரண்டு மாதத்தில் நான்கு பிள்ளைகள் ஆனார்கள். யோகத்தின் மகள் ஆரணி அந்த நால்வரில் ஒருத்தி, ஆனால் மேசைக்கு அடியில் இருப்பாள். குளிர்கோட்டை மூக்குவரை இழுத்து ஜிப்பைப் போட்டுக்கொண்டு, "வீட்டுக்குப் போகலாம்" என்று ஆங்கிலத்தில் மட்டும் சொல்வாள்.

மன்றத்து விதி ஒன்று: தொடர்ந்து நான்கு வாரம் ஆறு பேருக்குக் குறைவாக வந்தால் அறை அடுத்தவருக்குப் போய்விடும். பூப்பந்து ஆடுகிற கூட்டம் ஒன்று வரிசையில் நின்றது. எனக்கு இரண்டு வாரம் பாக்கி.

அப்போதுதான், ஒரு காலத்தில் என் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்த செல்வமணி டீச்சரை நினைத்தேன். சரியாகச் சொன்னால், அவளை நினைக்காமல் இருப்பதை நிறுத்தினேன். அடுத்த சனிக்கிழமை தட்டில் மணல், டப்பா நிறையச் சட்டைப் பொத்தான், இரண்டு கிலோ களிமண், தரையில் எழுத்து வடிவில் வளைத்துப் போட ஒரு கயிறு. கயிற்றின்மேல் நடந்து 'அ' போட வேண்டும். பொத்தானை அடுக்கி 'ட' போட வேண்டும். ஆரணி மேசைக்கு அடியிலிருந்து முதலில் ஒரு கையை மட்டும் நீட்டிக் கொஞ்சம் மண் கேட்டாள். பிறகு ஆளும் வெளியே வந்தது. பள்ளி விடுமுறையிலும் வகுப்பை விடவில்லை; ஆகஸ்டில் பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள்.

இனித்தான் என் தவறு வருகிறது. ஆடித்தபசுத் திருவிழா முடிந்து ஊரிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. கோயில் புற்றுமண். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். சங்கரன்கோவில் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் இட்டுக்கொண்டு, ஒரு துளியை நாக்கிலும் வைத்துக்கொள்வோம். வயிற்று வலி, சொறி சிரங்கு, பயம் எல்லாவற்றுக்கும் அதுதான். அந்தச் சனிக்கிழமை வகுப்பு தொடங்கும்போது, பதினான்கு நெற்றியிலும் பதினான்கு நாக்கிலும் ஒவ்வொரு சிட்டிகை வைத்தேன். அரைமணி நேரம் கழித்து, அதே நிறத்தில் களிமண்ணை உருட்டிக் கொடுத்து, "உங்கள் பெயரின் முதல் எழுத்தைச் செய்யுங்கள்" என்றேன்.

பழுப்பு மண்ணை வாயில் போடலாம் என்பது முதல் பாடம். இதோ பழுப்பு மண் என்பது இரண்டாம் பாடம். ஐந்து வயதுக் குழந்தை இரண்டையும் சரியாகக் கூட்டிப் பார்த்துவிட்டது. ஆரணி மென்றுகொண்டிருந்தபோது ஜன்னல் தாழ்ப்பாளைப் பார்க்க ஹார்ப்பர் உள்ளே வந்தார். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். பல் எல்லாம் பழுப்பு. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார், எழுதினார்.

நான் அவர் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நான் அவர் இடத்தில் இருந்திருக்கிறேன்.

3

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம். சங்கரன்கோவிலில் எங்கள் பள்ளியின் ஒன்றாம் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகள், ஓர் அறை, ஓர் ஆசிரியை. ஆசிரியை செல்வமணி. வயது இருபத்து நான்கு இருக்கும். மேலநீலிதநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனாள். வாராவாரம் ஆசிரியைகள் பாடக்குறிப்பு எழுதி என்னிடம் கையெழுத்து வாங்க வேண்டும். செல்வமணியின் முதல் குறிப்பில், 'கற்பிக்கும் முறை' என்ற இடத்தில் 'மண்' என்று ஒரே சொல் இருந்தது. நான் சிவப்பு மையில் 'விளக்குக' என்று எழுதினேன். அவள் எழுதி விளக்கவில்லை. என் மேசைக்கு வந்தாள்.

"ஐம்பத்தெட்டுப் பிள்ளைக்கு நூத்திப் பதினாறு கை டீச்சர். சும்மா இருந்தா அடிச்சுக்கிடும். அதான் மண்ணக் குடுத்திருக்கேன்."

குளத்திலிருந்து களிமண் எடுத்து வருவாள். உருட்டி எழுத்தாக வளைத்து வெயிலில் காய வைப்பார்கள். காய்ந்ததைக் கோணிப்பையில் போட்டுவிட்டு, கண்ணை மூடிக் கையை உள்ளே விட்டுத் தடவி என்ன எழுத்து என்று சொல்ல வேண்டும். வாசலில் கோலப்பொடியால் பெரிதாக 'ட' வரைந்து, அதன் மேல் ரயில் விடுவாள். புளியங்கொட்டையை வரிசையாக வைத்து 'ம'. என் அறைக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

"ஏலே, அது கொக்கியில்லலே, 'ட'லா!"

"நீ கண்ணத் தொறந்துட்ட. டீச்சர், இவன் கண்ணத் தொறந்துட்டான்!"

சத்தம் என்றால் ஒழுங்கின்மை என்று நான் படித்திருந்தேன். ஒவ்வொரு வாரமும் நோட்டில் 'அமைதி தேவை' என்று எழுதினேன். ஒவ்வொரு வாரமும் 'சரி டீச்சர்' என்று கையெழுத்திட்டாள். சத்தம் குறையவில்லை.

அந்த வகுப்பில் பேச்சி என்று ஒரு பிள்ளை. தறி ஓட்டுகிற சுடலைமுத்துவின் மகள். பெயர்தான் பேச்சி, ஜூனிலிருந்து செப்டம்பர்வரை வாயே திறக்கவில்லை. பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே 'மந்தம்' என்று எழுதும்படி நான் சொன்னேன். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் டீச்சர்" என்று செல்வமணி எழுதாமலே வைத்திருந்தாள்.

ஒருநாள் பேச்சி ஒரு களிமண் எழுத்தைத் தின்றுவிட்டாள். அன்று மாலை வயிற்று வலி. பள்ளி விட்டுப் போகிற வழியில் அவள் நாலைந்து புளியங்காயும் தின்றிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. மறுநாள் காலை வலி இல்லை. ஆனால் அப்பா இருந்தார். கையில் மனு. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் தன் திறமையெல்லாம் காட்டியிருந்தார்: 'அபாயகரமான மண்ணை வலுக்கட்டாயமாகப் புகட்டி...'

"எம் பிள்ளைய எழுத்துப் படிக்க அனுப்புனனா, மண்ணு திங்க அனுப்புனனா? நீங்களே சொல்லுங்க டீச்சர். திங்கதுக்கு எங்க வீட்டுலயே மண்ணு கெடக்கு. அதுக்கு இங்கன வரணுமாக்கும்?"

மனுவை வாங்கி, எண் போட்டுப் பதிவு செய்தேன். உடனே விசாரணை. பேச்சியைக் கூப்பிட்டேன். செல்வமணியும் நின்றாள்.

"என்னத்தட்டி தின்ன?"

பேச்சி பாவாடையைப் பிடித்துத் திருகினாள்.

"சொல்லுட்டி, பெரிய டீச்சர் கேக்காவள்லா" என்றார் அப்பா.

பேச்சி செல்வமணியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, நான்கு மாதத்தில் முதல் தடவையாக, பள்ளிக்கூடத்தில் வாய் திறந்தாள்.

"'ப' தின்னேன்."

"எதுக்கு?"

"கோயில் மண்ணு மாதிரி இருந்திச்சு."

சுடலைமுத்து ஒரு நிமிஷம் மகளையே பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏ டீச்சர், இது எழுத்தத் தின்னுட்டுல்லா பேருஞ் சொல்லுது! வீட்டுல தண்ணி வேணும்னாக்கூட கையத்தான் காட்டும்." தோளிலிருந்த துண்டால் பிள்ளையின் வாயைத் துடைத்தார். "சரி, அந்த மனுவக் குடுங்க டீச்சர். நான் கொண்டுட்டுப் போறேன்."

நான் கொடுக்கவில்லை. பதிவு செய்த மனுவைத் திருப்பித் தர விதியில் இடமில்லை என்றேன். உண்மையில் இடமில்லைதான்.

மாலையில் ஆய்வாளர் அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினேன். ஒரு முழுத்தாளில் இரண்டு பக்கம். புகார், விசாரணை, சாட்சி, என் கருத்து. களிமண் உபயோகித்தது உண்மை. பிள்ளை தின்றது உண்மை. ஆசிரியையின் மேற்பார்வை போதவில்லை. செல்வமணி பஸ்ஸுக்குப் போகாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"டீச்சர், பேச்சி 'ப'ன்னு சொன்னாள்லா. அத எழுதிட்டியளா?"

"புகார் மண் தின்றதைப் பற்றி. எந்த எழுத்து என்பதைப் பற்றி இல்லை" என்றேன். "சம்பந்தமில்லாததை எழுதக் கூடாது."

"சரி டீச்சர்" என்றாள். நோட்டில் கையெழுத்திடும் அதே 'சரி டீச்சர்'. ஆனால் அன்றைக்கு அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

4

ஆணை வந்தது. களிமண் கூடாது. செல்வமணியின் பணிப்பதிவேட்டில் கண்டனம் பதிவு. இடமாற்றம் திருவேங்கடத்துக்கு அந்தப் பக்கம், மானாவாரிக் கரிசல் கிராமம் ஒன்றுக்கு. களிமண்ணைத் தொட்ட குற்றத்துக்குக் களிமண்ணைத் தவிர வேறு எதுவுமில்லாத இடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். கோப்பு எழுதுகிறவர்கள் நிலப்படம் பார்ப்பதில்லை.

ஒன்றாம் வகுப்பில் அமைதி வந்தது. எனக்குத் திருப்தி. தை பிறந்ததும் பேச்சி வருவதை நிறுத்தினாள். ஒருநாள் அவர்கள் தெரு வழியாகப் போகும்போது பார்த்தேன், தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். வாய் திறக்கவில்லை. பதிவேட்டில் 'நீண்ட நாள் வராமை, பெயர் நீக்கம்' என்று எழுதினேன். விதிப்படி சரியான வாசகம்.

5

இங்கே, விளக்கம் எழுத எனக்கு ஏழு நாள் இருந்தது. வீட்டில் எல்லோருக்கும் என்மேல் இரக்கம். அதைத் தாங்க முடியவில்லை.

தம்பி சொன்னான்: "அக்கா, 'சாரி'ன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. இனிமே மண்ணு கொண்டுவர மாட்டோம்னு சொல்லுங்க. அவ்வளவுதான். கரும்பலகை இருக்குல்ல?"

யோகம் வேலை முடிந்து நேராக வந்தாள். "என்ர பிள்ளைதானே திண்டது. நானே ஒண்டும் சொல்லேல்லை. ஆனா உவங்களோட எங்களுக்கு வழக்கு வேண்டாம் அக்கா. உள்ளதும் போயிடும். மன்னிப்புக் கேட்டுப் போட்டு விடுங்கோ."

அவள் பயம் நியாயமானது. அதிகாரியின் கடிதம் என்றால் என்ன என்று அவள் படித்த பள்ளி வேறு. எனக்குத்தான் அந்தப் பயம் கிடையாது, நான் மறுபக்கத்தில் இருந்தவள். மண்ணை விட்டுவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நான்கு வாரத்தில் நான்கு பிள்ளைகள், ஆரணி மேசைக்கு அடியில், அறை பூப்பந்துக்கு.

"மன்னிப்பு கேட்பேன்" என்றேன். "புற்றுமண்ணையும் களிமண்ணையும் ஒரே நாளில் கொடுத்தது என் பிழை. அதற்குக் கேட்பேன். வகுப்பை விட மாட்டேன்."

ஆங்கிலத்தில் எழுதினேன். 'தங்கள் மேலான கடிதத்தைப் பார்வையிட்டு, கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்' என்பதில் தொடங்கி, 'டூ த நீட்ஃபுல்', அதாவது ஆவன செய்க, என்று முடித்தேன். மீனாவிடம் டைப் அடிக்கக் கொடுத்தேன். அவள் இரண்டு வரி அடித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். இப்படி இங்கே யாரும் எழுத மாட்டார்கள், விக்டோரியா மகாராணியோடு இந்த ஆங்கிலம் செத்துப்போயிற்று என்றாள். நான், அவள் தாத்தா இதே ஆங்கிலத்தில் எழுதித்தான் மூன்று கலெக்டர்களைத் தூங்கவிடாமல் செய்தார் என்றேன். 'நீட்ஃபுல்'லை எடுத்துவிட்டோம். 'பணிவுடன்' இருக்கட்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன்.

மன்றத்தில் இருந்து பதில் இரண்டே நாளில் வந்தது. வரும் வியாழன் மாலை ஆறு மணிக்குக் குழு கூடும். நான் நேரில் வரலாம். அதைப் படித்துக் காட்டிய மீனா, இந்தக் களிமண் யோசனை யாருடையது, என் சொந்த யோசனையா என்று கேட்டாள். பெரிய ஆர்வத்தோடு கேட்கவில்லை, நகத்தில் சாயம் பூசிக்கொண்டே கேட்டாள். செல்வமணியைப் பற்றிச் சொன்னேன். பேச்சி, மனு, விசாரணை, அறிக்கை. எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்தபோது சாயக் குப்பி மூடியிருந்தது.

"அந்தப் பொண்ணு சொன்னதை நீங்க எழுதவே இல்லையா அத்தை?"

தமிழில்தான் கேட்டாள். ஏன் அந்தக் கேள்விக்கு மட்டும் தமிழுக்கு வந்தாள் என்று தெரியவில்லை. ஆங்கிலத்தில் கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

"இல்லை" என்றேன்.

6

வியாழக்கிழமை மழை. குழுவில் மூன்று பேர். நடுவில் ஹார்ப்பர், ஒரு பக்கம் மழலையர் விளையாட்டுக் குழு நடத்தும் டோரீன் என்ற அம்மாள், மறுபக்கம் பூப்பந்துக்காரர் ஒருவர். பூப்பந்துக்காரர் ஏன் வந்திருந்தார் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். என் பக்கம் யோகமும் ஆரணியும். ஆரணிக்கு ஜிப் மூக்குவரை இருந்தது.

ஹார்ப்பர் புகாரைப் படித்தார். நான் என் விளக்கத்தைப் படித்தேன். பிரசாதம் என்றால் என்ன என்று கேட்டார்கள், சொன்னேன். கோயிலில் மண் தின்பீர்களா என்றார் பூப்பந்துக்காரர். "ஒரு சிட்டிகை" என்றேன். "உங்கள் தேவாலயத்திலும் ஏதோ ஒரு துண்டு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் விவரம் கேட்டதில்லை." டோரீன் அம்மாள் இருமினார். சிரிப்பை இருமலாக்குவது எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான்.

"குழந்தைக்கு ஏதாவது கெடுதல் ஆயிற்றா?" என்றார் ஹார்ப்பர்.

"இல்லை" என்றாள் யோகம்.

"குழந்தையையே கேட்கலாம்" என்றேன். "இவள்தான் நேரடிச் சாட்சி. உங்கள் விதியில் தடையில்லை, பார்த்துவிட்டேன்."

ஹார்ப்பர் குனிந்து, மரியாதையாகக் கேட்டார்: "நீ என்ன சாப்பிட்டாய், சொல்வாயா?"

ஆரணி அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் எதுவும் சைகை காட்டவில்லை. சாட்சிக்குச் சைகை காட்டக் கூடாது. ஜிப் கொஞ்சம் கீழே இறங்கியது.

"'ஆ'வோட வாலைச் சாப்பிட்டேன்" என்றாள். ஆங்கிலத்தில் சொன்னாலும் 'ஆ' மட்டும் தமிழில் நீளமாக வந்தது. பிறகு மேசைமேல் ஒரு விரலால் வரைந்து காட்டினாள். "இப்ப அது 'அ' ஆயிடுச்சு."

யோகம் வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஹார்ப்பர் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் ஒரு தாளில் 'ஆ' எழுதி, வாலை விரலால் மறைத்துக் காட்டினேன். இது நெடில், இது குறில் என்றேன். இரண்டு மாதம் மேசைக்கு அடியில் இருந்த குழந்தை என்றேன். அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அவள் சொல்லிவிட்டாள்.

டோரீன் அம்மாள்தான் வழி சொன்னார். தன் குழுவில் குழந்தைகளுக்குக் களிமண் தருவதே இல்லை. மைதா மாவில் உப்பை அள்ளிப் போட்டுப் பிசைந்து தருவாராம். மண் மாதிரியே உருட்டலாம், காய வைக்கலாம். வாயில் வைத்தால் ஒரே ஒரு தடவைதான் வைப்பார்கள், அவ்வளவு உப்பு. பத்து வருஷத்தில் யாரும் இரண்டாம் வாய் கேட்டதில்லை என்றார். மேசைக்கு விரிப்பு, வகுப்பு முடிந்ததும் கை கழுவுதல், களிமண்ணுக்குப் பதில் உப்பு மாவு, வகுப்பில் பிரசாதம் கூடாது. நான்கு நிபந்தனைகள். நான்கையும் ஏற்றேன். பூப்பந்துக்காரர்கூடக் கையைத் தூக்கினார், சற்றுத் தாமதமாக.

எல்லோரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள். நான் தள்ளவில்லை.

"நடவடிக்கைக் குறிப்பை ஒரு தடவை படித்துக் காட்டுங்கள்" என்றேன்.

ஹார்ப்பர் படித்தார். புகார், விளக்கம், தாயின் வாக்குமூலம், நிபந்தனைகள், முடிவு. சுத்தமாக இருந்தது.

"குழந்தை சொன்னது இல்லையே."

"அது புகாருக்குச் சம்பந்தமில்லை அம்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். "என்ன சாப்பிட்டாள் என்பதுதான் கேள்வி. எந்த எழுத்து என்பது இல்லை."

அந்த வாக்கியத்தை நான் பத்து வருஷத்துக்கு முன்னால் வேறு மொழியில் சொல்லியிருக்கிறேன். அதைச் சொன்னவளுக்கு அன்றைக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

"குழு கேள்வி கேட்டது, சாட்சி பதில் சொன்னது" என்றேன். "கேட்ட கேள்விக்கு வந்த பதிலைப் பதிவிலிருந்து விட உங்களுக்கு அதிகாரம் உண்டா? உண்டு என்றால் விதியைக் காட்டுங்கள். நான் போய்விடுகிறேன்."

வெளியே மழை. டோரீன் அம்மாள் கோட்டில் ஒரு கையை நுழைத்தபடி நின்றார். பூப்பந்துக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். யோகம் என் முந்தானையை மெதுவாக இழுத்தாள். "அக்கா, கிடைச்சிட்டுதே, எழும்புங்கோ." நான் எழும்பவில்லை. ஹார்ப்பர் விதிப் புத்தகத்தை எடுத்தார். உண்மையிலேயே புரட்டினார், அதற்காக அவரை நான் என்றைக்கும் மதிப்பேன். ஐந்து நிமிஷம் தேடினார். மூடி வைத்தார். பேனாவின் மூடியைத் திறந்தார்.

"அந்த எழுத்துகளை எப்படி எழுத வேண்டும்?" என்றார்.

ஆரணி அவர் பக்கத்தில் போய் நின்று காட்டிக் கொடுத்தாள். மன்றத்தின் நடவடிக்கைப் புத்தகத்தில், ஆங்கில வரிகளுக்கு நடுவே, ஓர் 'ஆ'வும் ஓர் 'அ'வும் இருக்கின்றன. 'ஆ'வின் வால் கொஞ்சம் பெரிது. பரவாயில்லை, முதல் தடவை.

7

செல்வமணி இன்னும் அந்தக் கரிசல் ஊரில்தான் இருக்கிறாள் என்று ஊரிலிருந்து எழுதினார்கள். பதிவேட்டில் உள்ள கண்டனத்தால் தலைமையாசிரியைப் பட்டியலில் இரண்டு முறை பெயர் விடுபட்டுப்போயிற்றாம். அங்கே என்ன செய்கிறாள் என்று கேட்டிருந்தேன். 'பிள்ளைகளோடு மண்ணைப் பிசைந்துகொண்டிருக்கிறாள், வேறென்ன' என்று பதில்.

கண்டனத்தை நீக்குவதற்கு வழி உண்டு. எல்லாவற்றுக்கும் வழி உண்டு. தெரிந்தவர்கள் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய வேண்டும், புதிய ஆதாரம் இணைக்க வேண்டும். அன்றைய விசாரணை அலுவலரே தன் அறிக்கையில் முக்கியமான ஒன்று விடுபட்டது என்று எழுதிக் கொடுத்தால், அதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை. காலம் கடந்துவிட்டது என்று கோப்பை மூடப் பார்ப்பார்கள். அதற்குப் பதிலும் எனக்குத் தெரியும். அந்தக் காரணத்தைச் சொல்லிப் பல கோப்புகளை நானே மூடியிருக்கிறேன். மூடியவளுக்குத் திறக்கவும் தெரியும். முதல் மனு திரும்பி வந்தால் இரண்டாவது அனுப்புவேன். எனக்கு வயது அறுபத்து மூன்றுதான் ஆகிறது.

சென்ற திங்கட்கிழமை உட்கார்ந்து எழுதினேன். தேதி, எண், பொருள், பார்வை. 'விசாரணையின்போது மாணவி பேச்சி தான் தின்ற எழுத்து "ப" என்று தெளிவாகச் சொன்னாள். நான்கு மாதங்களில் பள்ளியில் அவள் பேசிய முதல் சொல் அதுவே. அவளுடைய தந்தை மனுவைத் திரும்பப் பெற முன்வந்தார். இவ்விரண்டையும் நான் அறிக்கையில் சேர்க்கவில்லை. தவறு என்னுடையது, ஆசிரியையுடையது அன்று.' மூன்று பிரதிகள். மீனா தபால் நிலையத்துக்கு என்கூட வந்தாள். ஒன்று அலுவலகத்துக்கு, ஒப்புகைச் சீட்டோடு. ஒன்று எனக்கு.

மூன்றாவது செல்வமணிக்கு. ஒரு நகலை வெறுமனே அனுப்புவது முறையல்ல, கூட ஒரு கடிதம் வைக்க வேண்டும். அதற்குத்தான் நேரம் பிடித்தது. நலம் விசாரித்து ஒன்று எழுதிக் கிழித்தேன். மன்னிப்பு கேட்டு ஒன்று எழுதினேன். அது அவளுக்காக எழுதியதாக இல்லை, எனக்காக எழுதியதாக இருந்தது. அதையும் கிழித்தேன். கடைசியில் அவள் அன்றைக்கு வாசலில் நின்று கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் எழுதி உறையை ஒட்டினேன்.

'செல்வமணி டீச்சருக்கு, எழுதிட்டேன்.'